பைப் ட்ரீம்னா குழாய்க் கனவா?

இந்த எபிசோடு ஒரு போன் காலில் இருந்து வந்தது.

எங்க சித்தி பொண்ணு கயத்தாறில் இருக்கிறாள். பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணினாள். "அக்கா, பைப் ட்ரீம்னா என்னக்கா?" என்றாள்.

"ஏன் கேக்க?"

"கப்பல்ல ஆபீசர் ஆகணும்னு சொன்னேன். அதுக்கு சார், 'தட்ஸ் எ பைப் ட்ரீம் மா'ன்னுட்டு போயிட்டாரு. தண்ணி பைப்பாக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதில் தப்பே இல்லை. எங்க பக்கம் கரிசல் காடு. வெயில் காலத்தில் குழாயடியில் குடத்தை வரிசையாக வைத்துவிட்டு, எப்போது தண்ணி வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்போம். அந்த ஊர்க்காரிக்கு 'பைப்', 'ட்ரீம்' இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வேறு என்ன தோன்றும்?

ஆனால் அந்த பைப் வேறு. அது அபினி புகைக்கிற நீளமான குழாய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களில் அபினி புகைக்கும் இடங்கள் நிறைய இருந்தன. அந்தப் போதையில் வருகிற கனவுகள் படு ஜோராக இருக்கும். மாளிகை, தங்கம், பறப்பது எல்லாம் வரும். போதை தெளிந்தால் ஒன்றும் மிஞ்சாது. அங்கிருந்துதான் இந்தச் சொல் வந்தது.

ஆக, பைப் ட்ரீம் என்றால் 'பெரிய ஆசை' என்று அர்த்தம் இல்லை. 'கஷ்டமான ஆசை' என்றும் இல்லை. 'அடிப்படையே இல்லாத ஆசை, நீ இன்னும் தெளியவில்லை' என்று அர்த்தம். கேட்க மென்மையாக இருக்கும், ஆனால் உள்ளே ஒரு குத்தல் உண்டு. இன்று இதைப் பேசுகிற யாரும் அபினியை நினைப்பதில்லை. அந்தக் குத்தல் மட்டும் அப்படியே இருக்கிறது.

எப்படிப் பயன்படுத்துவது? "சென்னையில சொந்த வீடுங்கறது எனக்கு ஒரு பைப் ட்ரீம்" என்று தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டால் அது சலிப்பு, லேசான நகைச்சுவை. அதையே இன்னொருத்தரின் ஆசையைப் பார்த்துச் சொன்னால் அது தீர்ப்பு. ஆபீஸ் மீட்டிங்கில் ஒருவர் கொண்டுவந்த திட்டத்தை "திஸ் இஸ் எ பைப் ட்ரீம்" என்றால் அவர் முகம் சுருங்கிவிடும்.

இதன் பக்கத்திலேயே இரண்டு தொடர்கள் இருக்கின்றன. மூன்றையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று, 'அவுட் ஆஃப் ரீச்'. பொருள் இருக்கிறது, இப்போதைக்கு என் கை எட்டவில்லை, அவ்வளவுதான். விலை குறைந்தால், சம்பளம் கூடினால் எட்டிவிடும். தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் 'எட்டாக்கனி'. கனி மரத்தில்தான் இருக்கிறது.

இரண்டு, 'லாங் ஷாட்'. வாய்ப்பு குறைவு, ஆனால் உண்டு. "லாங் ஷாட்தான், இருந்தாலும் அப்ளை பண்றேன்" என்று சொல்லலாம். "பைப் ட்ரீம்தான், இருந்தாலும் அப்ளை பண்றேன்" என்றால் காதுக்கு ஒட்டாது.

பைப் ட்ரீமுக்குத் தமிழில் கிட்டத்தட்ட 'மனக்கோட்டை' பொருந்தும். நடக்கவே நடக்காது என்பதற்கு 'முயற்கொம்பு', 'ஆகாயத்தாமரை' என்றும் நம்மிடம் உண்டு. 'முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா' என்று ஒரு பழமொழியும் இருக்கிறது. அதை இன்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அது தேனைப் பற்றிப் பேசுவதில்லை, 'உனக்கு எதுக்கு இந்த ஆசை' என்று ஆளைப் பார்த்துக் கேட்கிறது. சார் சொன்ன பைப் ட்ரீமும் கிட்டத்தட்ட அந்த வகைதான்.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். இந்தத் தொடர் அச்சில் வந்த பழைய இடங்களில் ஒன்று, 1890 டிசம்பரில் வெளியான ஒரு சிகாகோ நாளிதழ். அதில் எதை பைப் ட்ரீம் என்று பேசினார்கள் தெரியுமா? மனிதன் வானத்தில் பறப்பதை! பதிமூன்றே வருடத்தில், 1903 டிசம்பரில், ரைட் சகோதரர்கள் விமானத்தை ஓட்டிக் காட்டிவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், எங்க மாவட்டத்துக்கே வருவோம். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பத்து லட்சம் ரூபாய் முதலீடு திரட்ட, இருபத்தைந்து ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று திட்டம். தூத்துக்குடி-கொழும்பு வழி அன்றைக்கு வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில். ஒரு வக்கீல் கப்பல் விடப் போகிறார் என்றால் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் 1907இல் 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. மக்கள் ஏறினார்கள். எதிர்க் கம்பெனி கட்டணத்தை வெட்டு வெட்டு என்று வெட்டியது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் கடும் தண்டனை. 1911இல் கம்பெனியே கலைக்கப்பட்டது.

இதை பைப் ட்ரீம் என்று சொல்ல முடியுமா? முடியாது. கப்பல் கடலில் ஓடியது, டிக்கெட் விற்றது. அந்தக் கை எட்டத்தான் செய்தது. எட்டிய கையைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள். இன்று தூத்துக்குடி துறைமுகத்துக்கு அவர் பெயர்தான்.

அப்படியென்றால் ஒரு ஆசை பைப் ட்ரீமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: அடுத்த படி என்னவென்று சொல்ல முடிகிறதா?

அதையே சித்தி பொண்ணிடம் கேட்டேன். அவள் கடகடவென்று சொன்னாள். "பிளஸ் டூல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ்ல சராசரி அறுபது பர்சன்ட் வேணும். இங்கிலீஷ்லயும் நல்ல மார்க் வேணும். கண்ணு நல்லா தெரியணும், நிறக்குருடு இருக்கக் கூடாது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதணும். ஏதாவது ஷிப்பிங் கம்பெனி ஸ்பான்சர் பண்ணணும். ஃபீஸ்தான்க்கா லட்சக்கணக்குல வருது, அதுக்கு பேங்க் லோன் கேக்கணும்."

சார் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! ஐந்து படி இருக்கிறது. அதில் ஒன்று, அந்த ஃபீஸ், நிஜமாகவே அவுட் ஆஃப் ரீச். ஸ்பான்சர்ஷிப் லாங் ஷாட். மற்றதெல்லாம் அவள் கையில். இதில் பைப் ட்ரீம் எங்கே இருக்கிறது?

அவளிடம் கேப்டன் ராதிகா மேனனைப் பற்றிச் சொன்னேன். கேரளாவில் கொடுங்கல்லூர்க்காரர். இந்திய வணிகக் கப்பல் துறையில் கேப்டனான முதல் பெண். 2015 ஜூனில், கொந்தளிக்கிற வங்கக் கடலில், படகு பழுதாகித் தத்தளித்த ஏழு மீனவர்களைத் தன் எண்ணெய்க் கப்பலில் போய்க் காப்பாற்றினார். அதற்காக 2016இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீர விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்போ சார்கிட்ட என்ன சொல்லட்டும்க்கா?" என்றாள்.

"சண்டை போடாத. 'பைப் ட்ரீம் இல்ல சார், லாங் ஷாட்'னு மட்டும் சொல்லு. அவரு இங்கிலீஷையும் திருத்துன மாதிரி இருக்கும்."

நீங்களும் அடுத்த முறை ஒரு தம்பியிடமோ தங்கச்சியிடமோ இந்தச் சொல்லை விடுவதற்கு முன்னால், அடுத்த படி என்ன என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவர்கள் பதில் சொல்லிவிட்டால் நீங்கள் வேறு சொல்தான் தேட வேண்டும்.

உங்களை யாராவது பைப் ட்ரீம் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறார்களா? எழுதி அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.