குழந்தை கண்ணாடிப் பெட்டியில், தாய் வராந்தாவில்! "சாப்பிட்டியா?" என்று கேட்க ஆள் இல்லை

நெய்யூர்,-

பேரிலேயே நெய் இருக்கிற ஊர். ஆஸ்பத்திரிக்கும் பேர் போன ஊர். 1838-ம் ஆண்டு லண்டன் மிஷன் டாக்டர் ராம்சே இங்கே வைத்தியம் தொடங்கினார். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரம் ஏறப் போன டாக்டர் சாமர்வெல், இருபது ஆண்டுக்கு மேல் இங்கே ஆபரேஷன் செய்தார்.

இன்று இந்த வட்டாரத்தில் பிரசவம் என்றால் ஆஸ்பத்திரிதான். ஆனால் பெற்ற பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், பெற்றவள் பாடு என்ன?

குறைமாதம், எடைக் குறைவு, மூச்சுத் திணறல் என்று பிறக்கும் குழந்தைகளைத் தனி வார்டில், கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும். டாக்டர், நர்சு, மாமியார், கணவர் எல்லோர் கண்ணும் அந்தப் பெட்டி மேலேதான்!

கணக்கு உதைக்கிறது

வீட்டில் இருந்தால் உள்ளி, மிளகு, கருப்பட்டி போட்ட பேறுகால மருந்து உண்டு. சுறாப் புட்டு உண்டு. முருங்கைக் கீரை உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவிலோ பல தாய்மாருக்கு டீயும் பன்னும்தான். மதியம் வரும் பொட்டலச் சோற்றிலும் பாதி மிச்சம்.

2011 ஜூன் 1-ந்தேதி தொடங்கிய மத்திய அரசுத் திட்டப்படி, அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம் என்றால் 3 நாள், சிசேரியன் என்றால் 7 நாள் தாய்க்கு இலவசச் சாப்பாடு. குழந்தை 20 நாள் பெட்டியில் கிடந்தால்? மிச்ச நாளுக்கு வீட்டுத் தூக்குவாளிதான் கதி.

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைக்கும் 2, 3 மணிக்கு ஒரு தடவை பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும். ராத்திரியும் விடக்கூடாது. அரைப்பட்டினி கிடந்தாலும் உடம்பு தன் சத்தை உருக்கிப் பால் சுரக்கும். நஷ்டம் தாய்க்குத்தான்.

இதில் பத்தியம் வேறு! "மீன் ஆகாது, பருப்பு ஆகாது, தண்ணி குடிச்சா வயிறு ஊதும்" என்று தடை. சாளை மீன், முட்டை, பயறு, கீரை, வேண்டிய மட்டும் தண்ணீர் எல்லாம் கொடுக்கலாம். இரும்புச் சத்து மாத்திரை 180 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

பேய் அல்ல, நோய்!

"சோறு இறங்கல்லே" என்று அவள் சொன்னால் "திமிரு" என்கிறார்கள். சும்மா இருந்து அழுதால் "காத்து கறுப்பு" என்று நூல் மந்திரிக்கப் போகிறார்கள்.

அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்துத் தாய்மாரிடம் நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் 100-க்கு 11 பேருக்கு இந்த நோய் வந்தது தெரிந்தது. வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடு மனத்தாங்கல், கைஉதவிக்கு ஆள் இல்லாதது ஆகியவை காரணங்களில் சில. பெட்டியில் குழந்தை கிடந்தால் கேட்கவே வேண்டாம்!

முதல் சில நாள் அழுகை சகஜம். 2 வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, பசியின்மை நீடித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம் வந்தால் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். அவளைத் தனியே விடக்கூடாது. 14416 என்ற அரசு மனநல போன் 24 மணி நேரமும் உண்டு. காசு இல்லை. சிகிச்சை எடுத்தால் குணமாகும்.

மார்போடு அணைத்தால்...

தாயையும் சேயையும் பிரிக்காமலே வைத்தியம் பார்க்கலாம் என்பதற்கும் சாட்சி உண்டு. டெல்லியிலும் ஆப்பிரிக்காவின் 4 நாடுகளிலும் எடைக் குறைவான குழந்தைகளைப் பிறந்த உடனே தாயின் மார்போடு அணைத்து வைத்தார்கள். தாய்க்கும் அதே வார்டில் கட்டில் போட்டார்கள். சாவு நான்கில் ஒரு பங்கு குறைந்தது! உலக சுகாதார நிறுவனம் நடத்திய இந்த ஆய்வு 2021-ல் வெளியானது.

கட்டில் போடுவது அரசாங்கத்தின் வேலை. சோறு கொண்டு போவது நம் வேலை.

பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் திங்கள்நகரில் பஸ்சை விட்டு இறங்கியதும் சோப்பு டப்பா வாங்குவது வழக்கம். அதற்குப் பதில் வீட்டிலிருந்து ஒரு பொதிச்சோறு கொண்டு போகலாம். "பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்பதற்கு முன்னால், "நீ சாப்பிட்டியா மக்களே?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.