கரண்ட் வைத்தால் ஏன் இந்தக் களைப்பு?

கதிர்வீச்சு சிகிச்சை என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது. "கரண்ட் வைக்கிறாங்க" என்றுதான் சொல்வார்கள். அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தபோது, நான் எலெக்ட்ரிக்கல் படிப்பதால் "எத்தனை வோல்ட்டுப்பா?" என்று என்னிடமே கேட்டார்கள்.

உடம்பில் மின்சாரம் பாய்வதே இல்லை நண்பர்களே. லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற மெஷினில் எலெக்ட்ரான்களை வேகப்படுத்தி உலோகத்தில் மோத விடுகிறார்கள். அப்போது பிறக்கும் எக்ஸ் கதிர்தான் நோயாளி மேல் விழுகிறது. சில நிமிட வேலை, வலி கிடையாது. அம்மாவுக்கு வாரம் 5 நாள், மொத்தம் 25 தடவை. எங்கள் வீட்டில் ஃபைலைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. மூணாவது வாரம் வயிற்றுப்போக்கு, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. குடம் தூக்க முடியவில்லை. "தூங்கி எழுந்தாலும் அசதி போக மாட்டேங்குதுடா" என்றார். "சும்மா படுத்தே கிடந்தா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் "நான் இனிமே வரல" என்று உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் அம்மாதான் விளக்கினார். வேகமாகப் பெருகும் செல்களைக் கதிர் அதிகம் தாக்கும். புற்றுநோய் செல் அப்படிப்பட்டது. சிறுகுடலின் உள்சுவரும் சில நாளுக்கொரு தடவை உதிர்ந்து புதிதாக முளைப்பது. இடுப்பில் வைக்கும் கதிர் அதன் மேலும் படுகிறது. புதுச் செல் முளைக்கத் தாமதமானால் தண்ணீரும் சத்தும் சரியாக உறிஞ்சப்படாது. பாலைச் செரிக்கும் நொதி இருப்பதும் அந்தச் சுவரில்தான். அம்மாவோ தெம்புக்கென்று தினமும் மூன்று தம்ளர் பால் குடித்துக்கொண்டிருந்தார்!

இன்னொன்றும் தெரிந்தது. மூத்திரப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளப்பட்டு, கதிரின் வழியிலிருந்து விலகும். அதற்காகத்தான் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கச் சொல்கிறார்கள். அம்மா ரெண்டு மணி நேர பஸ்ஸுக்குப் பயந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கிறார். யாரிடம் போய்ச் சொல்வார்?

அப்புறம் பால், கீரை, பயறு, மிளகாய், எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் நின்றது. குழைந்த சாதம், இட்லி, வாழைப்பழம். 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொடுத்தோம். போக்கு நிற்க மாத்திரை தந்தார்கள். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ வந்தால் உடனே வரச் சொன்னார்கள்.

அசதி சோம்பலால் வருவதல்ல. சிகிச்சையே தருவது, ரத்தசோகையும் நீர் வற்றுவதும் சேர்ந்தால் கூடும். படுத்தே இருந்தாலும் தீராது. சாயங்காலம் மெல்ல நடப்பது நல்லது என்றார்கள். கோவில் வரை நான் கூடப் போனேன்.

நடுவில் விட்டால் மிச்சமுள்ள புற்றுநோய் செல் மறுபடி பெருகும். இந்த நோய்க்கு உள்ளே வைக்கும் கதிரும் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிப்பது நல்லதாம். அதைக் கேட்டுத்தான் அம்மா எழுந்து வந்தார்.

பக்கத்து வீட்டில் குழந்தையை அம்மாவிடம் விடவில்லை, கதிர் ஒட்டிக்கொள்ளுமாம். ஸ்விட்சை அணைத்தபின் பல்பின் வெளிச்சம் ரூமில் தங்குமா? இதுவும் அப்படித்தான் என்று நானே போய்ச் சொன்னேன்.

சிகிச்சை முடிந்து மூணு வாரத்தில் வயிறு சரியானது. குடம் தூக்க ரெண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை தண்ணீர் நான்தான் எடுத்தேன்.