மலைப்பகுதிகளில் வன்தட்டும் திண்மநிலைச் சேமிப்பகமும்

கணினியில் தரவுகளை நிலையாகச் சேமித்து வைப்பதற்கு இன்று பெரும்பாலும் இரு வகைச் சாதனங்கள் பயன்படுத்தப்படுகின்றன. சுழலும் காந்தத் தட்டுகளில் தரவுகளை எழுதுவது வன்தட்டு ஆகும். பேச்சு வழக்கில் இது ஆர்டு டிஸ்க் எனப்படும். அசையும் உறுப்பு எதுவுமின்றி, குறைகடத்திச் சில்லுகளில் மின்னூட்டமாகத் தரவுகளைத் தேக்கி வைப்பது திண்மநிலைச் சேமிப்பகம் ஆகும். இது சுருக்கமாக எஸ்.எஸ்.டி. என வழங்கப்படுகின்றது. இவற்றுள் எதைத் தெரிவு செய்வது என்பது பொதுவாக வேகத்தையும் விலையையும் கொண்டே முடிவு செய்யப்படுகின்றது. நீலகிரி போன்ற உயரமான இடங்களில் காற்றழுத்தம், குளிர், ஈரப்பதம் ஆகியவற்றையும் கருத்திற் கொள்ள வேண்டியுள்ளது.

காற்றின் மேல் மிதக்கும் முனை

வன்தட்டின் படிப்பு முனை தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுழலும்போது அதனுடன் இழுத்துச் செல்லப்படும் காற்று, முனையின் கீழ் ஒரு மெத்தை போல அமைந்து அதனைத் தாங்குகின்றது. இன்றைய வன்தட்டுகளில் படிக்கும் இடத்தில் இவ்விடைவெளி ஒரு சில நானோமீட்டர் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிப்பு இதனைப் போலப் பல்லாயிரம் மடங்கு ஆகும். வன்தட்டு முழுமையாக அடைக்கப்பட்ட பெட்டி என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில், காற்று நிரம்பிய வன்தட்டுகளில் உள்ளழுத்தத்தையும் வெளியழுத்தத்தையும் சமப்படுத்துவதற்கு, வடிகட்டியுடன் கூடிய ஒரு சிறு துளை உண்டு. எனவே வெளியே காற்று மெலிந்தால் உள்ளேயும் மெலியும், முனை தாழும், ஓர் எல்லைக்கு மேல் அது தட்டில் உரசித் தரவுகளை அழித்துவிடும்.

இதனால் உற்பத்தியாளர்கள், இத்தகைய வன்தட்டுகள் இயங்கத்தக்க உயரத்தின் மேலெல்லையைப் பெரும்பாலும் 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி எனக் குறிப்பிடுகின்றனர். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றழுத்தம் கடல்மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆகும். நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். குன்னூரும் கோத்தகிரியும் உதகையை விடத் தாழ்வானவை. ஆகவே மலையில் வன்தட்டு ஓடாது என்னும் அச்சத்துக்கு நீலகிரியில் இடமில்லை.

லடாக்கில் நிலைமை வேறு. அங்கு ஹன்லேயில் உள்ள இந்திய வானியல் ஆய்வகம் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. சாதாரண வன்தட்டின் எல்லை அதற்கு வெகு கீழேயே முடிந்துவிடுகின்றது. இத்தகைய இடங்களுக்கு எஸ்.எஸ்.டி. பொருத்தமானது, அல்லது 2013 முதல் விற்பனைக்கு வந்த, ஹீலியம் நிரப்பி முற்றாக அடைக்கப்பட்ட வன்தட்டுகள் வேண்டும். கருந்துளையின் முதற்படத்துக்காக 2017 ஏப்ரலில் நிகழ்வெல்லைத் தொலைநோக்கிக் குழுவினர் நடத்திய அவதானிப்பில், சிலி, மெக்சிக்கோ முதலிய நாடுகளின் உயர்ந்த மலைகளில் இருந்த தொலைநோக்கிகளின் தரவுகள் ஹீலிய வன்தட்டுகளிலேயே பதியப்பட்டன. அவை பின்னர் வானூர்தியில் எடுத்துச் செல்லப்பட்டன. மேற்கூறிய உயர எல்லை இயங்கும் வன்தட்டுக்கே உரியது. அணைத்து வைக்கப்பட்டதற்கு எல்லை மிக அதிகம்.

காத்திருக்கும் நேரம்

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிநொடி ஆகும். வேண்டிய இடம் முனையின் கீழ் வருவதற்கு சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். சுழற்சி 10,000 ஆனால் இது 3 மில்லிநொடியாகவும், 15,000 ஆனால் 2 மில்லிநொடியாகவும் குறையும். முனை நகரும் நேரம் இதற்கு மேலதிகம். எஸ்.எஸ்.டி.யில் இவ்விரு காத்திருப்புகளும் இல்லை. தரவு பெரும்பாலும் 0.1 மில்லிநொடியளவில் கிடைத்துவிடும். 2003 இல் வெளிவந்த ராப்டர் போன்ற 10,000 சுற்று வன்தட்டுகள் ஒரு காலத்தில் விரும்பி வாங்கப்பட்டன. இன்று இயக்குதளத்துக்கும் மென்பொருள்களுக்கும் அவற்றைத் தேடிப் பிடிப்பதில் பொருளில்லை. மிகச் சாதாரணமான எஸ்.எஸ்.டி.யும் அவற்றை விடப் பன்மடங்கு விரைவானது.

தொடர்ந்து வரும் தரவுகள்

உதகைக்கு அருகில் முத்தொரையில் 1970 இல் நிறைவுற்ற வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்சு-3 அண்டக்கதிர் ஆய்வும் உதகையிலேயே நடைபெறுகின்றது. இத்தகைய கருவிகள் தரும் தரவு சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகள் அல்ல. ஒரே ஓட்டமாக வருவது. ஒழுங்காக, அடுத்தடுத்து எழுதும்போது முனை அலைய வேண்டியதில்லை என்பதால் சாதாரண 7,200 சுற்று வன்தட்டும் நொடிக்கு 150 மெகாபைட்டு அல்லது அதற்கு மேல் எழுதவல்லது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். நொடிக்கு 100 மெகாபைட்டு வீதம் வரும் தரவு ஒரு நாளில் 8.64 டெராபைட்டு ஆகும். ஒரு டெராபைட்டுக் கொள்ளளவுள்ள சாதாரண எஸ்.எஸ்.டி. பலவற்றுக்கு உத்தரவாதமளிக்கப்படும் மொத்த எழுத்தளவு சுமார் 600 டெராபைட்டு. இத்தரவுக்கு அதனை எழுதி அழித்து மீண்டும் எழுதும் தற்காலிக இருப்பிடமாக வைத்தால், அவ்வளவு 70 நாட்களுக்குள் தீர்ந்துவிடும். உடனே பழுதாகும் என்பது இதன் பொருளன்று. ஆனால் உத்தரவாதம் அத்துடன் முடியும்.

பழைய தரவுகளின் மதிப்புக்கு உதகையே நல்ல சான்று. 2014 திசம்பர் 1 அன்று உதகையின் மேல் திரண்ட இடிமுகிலில் ஏறத்தாழ 130 கோடி வோல்ட்டு மின்னழுத்தம் இருந்ததைக் கிரேப்சு-3 குழுவினர் 2019 இல் அறிவித்தனர். அண்டக்கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களின் எண்ணிக்கை சுமார் 18 நிமிடங்கள் குறைந்திருந்ததே அதற்கு ஆதாரம். 2011 ஏப்ரல் முதல் பதிவான 184 இடிமழைகளுள் அதுவும் ஒன்று. அந்த 18 நிமிடங்களை எவராலும் மீண்டும் அளக்க முடியாது.

இவ்வாறு ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய தரவுகளை எஸ்.எஸ்.டி.யில் எழுதி அலமாரியில் வைப்பது தவறாகும். அதிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். ஜெடெக் அமைப்பின் தர அளவுப்படி, எழுத்தளவு முழுவதும் தீர்ந்த ஒரு சாதாரண எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 பாகை செல்சியசில் ஓராண்டு தரவைக் காத்தால் போதுமானது. புதியது இதைவிட நீண்ட காலம் காக்கும். உதகையின் குளிரும் கசிவைக் குறைக்கும். ஆயினும் ஒரு டெராபைட்டுக்கான விலையும் பல மடங்கு ஆகையால், காப்பகத்துக்கு வன்தட்டோ காந்த நாடாவோதான் ஏற்றது. அதிலும் ஒரே படியாக வைக்கக் கூடாது.

குளிரும் பனியும்

பல வன்தட்டுகளுக்கு இயங்கு வெப்பநிலையின் கீழெல்லை 5 பாகை செல்சியசு ஆகும். உறைபனி விழும் மார்கழி, தை இரவுகளில் உதகையில் வெப்பநிலை அதற்கும் கீழே செல்வதுண்டு. இரவு முழுவதும் ஊர்தியில் கிடந்த மடிக்கணினியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால், குளிர்ந்த பரப்புகளில் நீராவி ஒடுங்கித் துளியாகும். இது எஸ்.எஸ்.டி.யின் மின்சுற்றுக்கும் தீங்கானது; வன்தட்டிலோ துளையின் வழியே உட்புகுந்த ஈரம் தட்டின் மேலும் படியக்கூடும். கணினி அறையின் வெப்பநிலையை அடையும் வரை, சில மணி நேரம், அதனை இயக்காது வைத்திருத்தல் வேண்டும்.