கடைக் கம்ப்யூட்டரும் காரவள்ளிப் பாதையும்

கொல்லிமலையில் மிளகு கொள்முதல் செய்யும் வியாபாரி ஒருவர் கேரளத்துக்கு லோடு அனுப்புவதாக வைத்துக் கொள்வோம். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல். வெளிமாநிலம் செல்லும் இத்தகைய சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் கட்டாயம். வேன் வாசலில் நிற்கிறது. கம்ப்யூட்டரில் கடை பில் போட முடிகிறது, பிரிண்டரும் அச்சடிக்கிறது. இ-வே பில் தளம் மட்டும் திறக்கவில்லை. அவசரத்துக்குச் செல்போனில் எடுத்து வேனை அனுப்பலாம். மறுநாளும் இதே கதைதான்.

பல கடைகளில் லைனில் பழுதே இருப்பதில்லை. ‘கேட்வே’ எண் தவறாக இருக்கும்.

செம்மேட்டிலிருந்து சோளக்காட்டுச் சந்தைக்கு மூட்டை போக மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. நாமக்கல் போக வேண்டுமானால் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து காரவள்ளிக்கு இறங்குவதே வழக்கமான பாதை. கம்ப்யூட்டருக்கும் அப்படியே. கடைக்குள் இருக்கும் பிரிண்டரை அது நேரே அணுகும். வெளியே செல்ல வேண்டிய அனைத்தையும் கேட்வே என்ற ஒரே வாசலில் ஒப்படைக்கும். நம் கடைகளில் அந்த வாசல், ரவுட்டர் பெட்டிதான். (1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். தொடங்கிய இணையச் சேவையின் பெயரிலேயே ‘கேட்வே’ உண்டு.)

பழைய பெட்டியை மாற்றும்போதுதான் கோளாறு பிறக்கிறது. பழையதன் எண் 192.168.1.1 என்றும், புதியதன் எண் 192.168.0.1 என்றும் கொள்வோம். இரண்டாவது கல்லா தேடி வர வசதியாக, பில்லிங் கம்ப்யூட்டருக்கு 192.168.1.10 என்று நிலையான எண்ணைக் கையால் கொடுத்திருப்போம். அது இன்னும் பழைய வாசலையே தட்டிக் கொண்டிருக்கும். கேட்வேயை மட்டும் திருத்தினாலும் பயனில்லை. சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றிருந்தால், கம்ப்யூட்டர் எண்ணிலும் கேட்வே எண்ணிலும் முதல் மூன்று பகுதிகள் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கம்ப்யூட்டராக மாற்றுவதைவிட, புதிய பெட்டிக்கே பழைய 192.168.1.1 எண்ணைக் கொடுத்துவிடச் சொல்வது நல்லது. பெட்டி மாட்ட வருபவருக்கு இது ஐந்து நிமிட வேலை. டி.என்.எஸ். கட்டத்திலும் பழைய எண்ணே இருப்பதால், அதையும் தொட வேண்டியதில்லை.

அவர் கிளம்புமுன் கறுப்புத் திரையில் ‘பிங்’ என்ற கட்டளையுடன் 192.168.1.1 என்று அடிக்கச் சொல்லுங்கள். பதில் வந்தால் வாசல் வரை வழி சரி. அடுத்து 8.8.8.8 அடிக்கட்டும். அதற்கும் பதில் வந்தால் வெளியுலகத் தொடர்பு கிடைத்துவிட்டது. முதலாவதற்கு மட்டும் பதில் வந்தால் லைன்காரருக்குப் போன் செய்யலாம்.