சமூகப்பணியும் தமிழறிவும்

திருவிழாவில் அன்னதானம் வழங்குவோரையும் சமூகநல இலாகாவில் பணிபுரியும் அதிகாரியையும் ஒருசேரச் ‘சமூக சேவகர்’ எனக் குறிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. முன்னவர் செய்வது தொண்டு. பின்னவர் செய்வது பயிற்சியும் சட்டப்பொறுப்பும் உடைய தொழில். இவ்வேறுபாடு கருதிப் பின்னதைச் ‘சமூகப்பணி’ என இங்கு ஆள்கிறோம்.

மலாயாவில் சமூகநல இலாகா 1946இல் அமைக்கப்பெற்றது. இத்துறைக்கான பல்கலைக்கழகப் பயிற்சி 1952இல், அன்று சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. 1975இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் இப்பயிற்சியை மேற்கொண்டது.

இப்பணியின் பெரும்பகுதி ஆரவாரமற்றது. உதவித்தொகை விண்ணப்பங்களை ஆராய்தல், இல்லங்களுக்குச் சென்று நிலைமையை அறிதல், அறிக்கை எழுதுதல் என நாள்கள் கழியும். ஆயினும் சிறார் பாதுகாப்பில் அதிகாரியின் பொறுப்பு மிகக் கடுமையானது. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி, பாதுகாப்புத் தேவைப்படும் நிலையில் ஒரு குழந்தை உள்ளதென நம்புவதற்குத் தக்க காரணமிருப்பின், அதிகாரி அக்குழந்தையைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். மருத்துவச் சிகிச்சை தேவைப்படாவிடில் 24 மணி நேரத்திற்குள் சிறார் நீதிமன்றத்தில் முன்னிறுத்தல் வேண்டும். குழந்தையைப் பிரிப்பதும் தீங்கு, பிரிக்காதிருப்பதும் தீங்காகலாம். எது குறைந்த தீங்கென்பதைச் சட்டநூல் சொல்வதில்லை.

இவ்விடத்தில் மொழி குறுக்கிடுகிறது. அறிக்கை மலாய் மொழியில் அமையும். குழந்தையோ தமிழில் பேசும். ‘கண்டித்தேன்’ எனத் தந்தை கூறுவது ஏசியதையும் குறிக்கும், பிரம்பால் அடித்ததையும் குறிக்கும். உறவுப்பெயர்கள் இதனினும் சிக்கலானவை. ‘மாமா’ என்று குழந்தை சொல்பவர் தாயின் உடன்பிறந்தவராகலாம், அத்தையின் கணவராகலாம், உறவே இல்லாத அண்டை வீட்டாராகவும் இருக்கலாம். அறிக்கையில் இம்மூவரும் ‘பாக்சிக்’ ஆகிவிடுவர். தீங்கிழைத்தவர் யார், குழந்தையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்னும் இரு வினாக்களுக்கும் விடை அச்சொல்லிலேயே தங்கியிருக்கக்கூடும். ஆதலின் தமிழறிவை இப்பணியில் கூடுதல் தகுதியாக மட்டும் கருதுதல் போதாது என்பது நம் கருத்து. உறவுமுறைச் சொற்களைப் பயிற்றும் நம் வகுப்புகளில் இத்தகைய எடுத்துக்காட்டுகளும் இடம்பெறலாம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இத்தகைய குறிப்புகளை முதலில் கேட்போராய்ப் பலகால் அமைகின்றனர். ஐயம் எழுந்தால் 15999 என்னும் உதவி எண்ணை நாடலாம். குழந்தையைத் துருவித் துருவி வினவுதல் கூடாது. அது சொன்ன சொற்களை அவ்வாறே நாளும் நேரமும் குறித்து எழுதிவைத்தல் நன்று. ‘மாமா’ என்றால் ‘மாமா’ என்றே எழுதுக. அவர் யாரென ஆராய்வது அதிகாரியின் கடமை.