அப்பலாச்சியன் நெடும்பாதை ஊர் விடுதிகள்

அப்பலாச்சியன் நெடும்பாதை ஊர் விடுதிகள் என்பவை, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள அப்பலாச்சியன் நெடும்பாதையில் மாதக்கணக்கில் நடப்பவர்களுக்குக் குறைந்த வாடகையில் இடமும் உணவும் தரும் பழைய தங்கும் விடுதிகளும் மதுக்கூடங்களும் ஆகும். இவற்றில் பல, நடைபயணிகளுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. இரயில் பயணிகள், ஊர் ஊராகச் சென்ற விற்பனையாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்காக எழுந்த கட்டடங்கள், அவர்கள் வரவு நின்ற பின்னர் நடைபயணிகளின் தங்குமிடங்களாயின. பென்சில்வேனியா மாநிலத்தின் டங்கானன் ஊரிலுள்ள டாயில் விடுதி இவற்றுள் பெயர் பெற்றது.

பாதையும் பயணிகளும்

அப்பலாச்சியன் நெடும்பாதை, தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. இதன் நீளம் ஏறத்தாழ 2,190 மைல், அதாவது சுமார் 3,500 கிலோமீட்டர். 14 மாநிலங்கள் வழியே இது செல்கிறது. பெண்டன் மெக்காய் என்பவர் 1921இல் எழுதிய கட்டுரையில் இப்பாதைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1937இல் பாதை முழுமை பெற்றது. 1968ஆம் ஆண்டின் தேசிய நெடும்பாதைகள் சட்டம் இதற்குத் தேசியத் தகுதி அளித்தது.

மெக்காயின் திட்டத்தில் பாதை ஒரு பகுதி மட்டுமே. நகர வாழ்வில் களைத்தவர்கள் தங்குவதற்கான முகாம்கள், சிறு குடியிருப்புகள், உணவு விளைவிக்கும் பண்ணைகள் ஆகியவற்றையும் அவர் முன்மொழிந்திருந்தார். பாதை அமைந்தது, குடியிருப்புகளும் பண்ணைகளும் அமையவில்லை. அவற்றின் வேலையில் ஒரு பகுதியை, பாதையோரத்தில் முன்பே இருந்த சிற்றூர்கள் பின்னாளில் ஏற்றுக்கொண்டன.

பாதை முழுவதையும் ஒரே தொடர்ச்சியாக நடந்து முடித்ததாக முதன்முதலில் அறிவித்தவர் ஏர்ல் ஷாஃபர். அவர் 1948இல் நடந்தார். 1955இல் எம்மா கேட்வுட் என்ற பெண்மணி தமது 67ஆம் வயதில் தனியாக நடந்து முடித்தார். இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் முயல்கின்றனர். ஏறத்தாழ நான்கில் ஒருவரே முடிக்கிறார். பெரும்பாலோர் மார்ச் அல்லது ஏப்ரல் மாதத்தில் ஜார்ஜியாவில் தொடங்கி, ஐந்து முதல் ஏழு மாதங்களில் மெய்னை அடைகின்றனர்.

ஊருக்குள் இறங்கும் தேவை

பாதை நெடுகிலும் 250க்கும் மேற்பட்ட ஒதுங்கிடங்கள் உள்ளன. பெரும்பாலானவை மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்பும் கொண்ட மரக்கொட்டகைகள். இவற்றுக்கு வாடகை பெரும்பாலும் கிடையாது. கூடாரமும் பயணியின் முதுகுப்பையிலேயே இருக்கும். எனவே படுக்க இடம் தேடி மட்டும் எவரும் ஊருக்கு இறங்குவதில்லை.

முதல் காரணம் உணவு. மலையில் நடப்பவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலர் உணவு வேண்டும். ஐந்து நாளைக்கு மேல் சுமந்தால் எடை தாங்காது. எனவே மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒரு முறை கடைக்குச் செல்ல வேண்டியுள்ளது. சுமந்து செல்வது எவ்வளவாயினும் செலவாகும் ஆற்றலை ஈடுகட்டப் போதாது. நாளொன்றுக்கு 4,000 கலோரிக்கு மேல் எரிக்கும் உடல் வாரக்கணக்கில் இளைத்துக்கொண்டே வரும். ஊர் மதுக்கூடத்தின் மாட்டிறைச்சி பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் அந்தப் பற்றாக்குறையின் ஒரு பகுதியைத் தீர்க்கின்றன.

இரண்டாவது காரணம் ஈரம். தொடர்மழையில் நனைந்த காலுறை, காலணி, தூங்கும் பை ஆகியவை மலையில் உலர்வது கடினம். நனைந்த பாதத்தில் கொப்புளம் வரும். நனைந்த தூங்கும் பையில் குளிர் தாக்கும். ஒரு வெந்நீர்க் குளியலும், துணி துவைக்க ஓர் இயந்திரமும், பொருள்களை விரித்துக் காயவைக்க ஓர் அறையும் பயணத்தைத் தொடர்வதா கைவிடுவதா என்பதைத் தீர்மானிக்கக் கூடியவை. மூன்றாவது காரணம் ஆள் துணை. காய்ச்சலோ கால்வலியோ வந்தவர் கூரையின் கீழ் இரண்டு நாள் படுத்தெழ, அவருடைய சட்டைப் பைக்கு எட்டும் வாடகையில் ஓர் இடம் தேவைப்படுகிறது.

மதுக்கூடமும் மாடி அறைகளும்

கீழ்த்தளத்தில் மதுக்கூடமும் மேல்மாடிகளில் சிறிய அறைகளும் கொண்ட கட்டட அமைப்பு, அமெரிக்கச் சிற்றூர்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பரவலாக இருந்தது. இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது இரயில். நிலையத்தில் இறங்கிய விற்பனையாளர் மாதிரிப் பெட்டிகளுடன் நடந்து செல்லும் தூரத்தில் அறை தேடினார். எனவே விடுதிகள் ஊரின் நடுவில், கடைவீதியிலேயே எழுந்தன. இரண்டாவது, மது ஆலைகளின் முதலீடு. 1920இல் நாடு தழுவிய மதுவிலக்கு வருவதற்கு முன்னர், பெரிய பீர் ஆலைகள் மதுக்கூடங்களையும் விடுதிகளையும் சொந்தமாக வாங்கின அல்லது அவற்றுக்குக் கடன் கொடுத்தன. அங்கு அந்த ஆலையின் பீர் மட்டுமே விற்கப்பட்டது. மூன்றாவது, உரிமச் சட்டங்கள். 1896இல் நியூயார்க் மாநிலம் இயற்றிய ரெயின்ஸ் சட்டம், ஞாயிற்றுக்கிழமைகளில் மது விற்கும் உரிமையை விடுதிகளுக்கு மட்டும் வழங்கியது. விடுதி என்றால் குறைந்தது 10 அறைகள் இருக்க வேண்டும் என்றது. மதுக்கூட உரிமையாளர்கள் மாடியைத் தடுத்து அவசர அவசரமாக அறைகளை உண்டாக்கினர். பென்சில்வேனியாவிலும் விடுதிக்கான மது உரிமம் படுக்கையறைகளின் எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டிருந்தது.

மதுவிலக்கு 1933இல் நீங்கியபோது உலகம் மாறத் தொடங்கியிருந்தது. கார் வைத்திருந்தவர்கள் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், அறை வாசலிலேயே வண்டியை நிறுத்தக்கூடிய மோட்டல்களை விரும்பினர். 1956ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான பெரும் நெடுஞ்சாலைகள் கடைவீதிகளைத் தொடாமலே கடந்து சென்றன. ஊர் நடுவிலிருந்த விடுதிகள் மாத வாடகைக்குத் தங்கும் தனியாட்களின் இருப்பிடங்களாயின, பல இடிக்கப்பட்டன.

நடைபயணியிடம் கார் இல்லை. நெடுஞ்சாலைச் சந்திப்பில் உள்ள மோட்டல் அவருக்குத் தொலைவு. அஞ்சலகம், மளிகைக்கடை, துணி துவைக்கும் கடை, மதுக்கூடம் எல்லாம் ஒரே வீதியில் இருப்பதே அவருக்கு வசதி. போக்குவரத்து முறையில் அவர் இரயில் காலத்துப் பயணியை ஒத்தவர். மற்றவர்கள் கைவிட்ட கட்டடம் அவருக்குப் பொருந்தியதன் காரணம் இதுவே.

டங்கானனும் டாயில் விடுதியும்

டங்கானன், பென்சில்வேனியாவின் பெர்ரி மாவட்டத்தில், ஜூனியாட்டா ஆறு சஸ்குவெஹான்னா ஆற்றுடன் கலக்குமிடத்தில் உள்ளது. மக்கள்தொகை சுமார் 1,500. 19ஆம் நூற்றாண்டில் கால்வாயும் இரயிலும் இவ்வூர் வழியே சென்றன. இங்கிருந்த இரும்பாலை ஆணிகள் செய்தது. பின்னர் குழந்தைகள் பனியில் சறுக்கும் மரவண்டிகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றும் நெடுங்காலம் இயங்கியது. இவையெல்லாம் நின்றுவிட்டன.

நெடும்பாதை, கோவ் மலையின் ஹாக் ராக் எனும் பாறை முனையிலிருந்து செங்குத்தாக இறங்கி, ஊரின் வீதிகள் வழியே செல்கிறது. பின்னர் இரு ஆறுகளையும் பாலங்கள் மூலம் கடந்து பீட்டர்ஸ் மலையில் ஏறுகிறது. தெற்கிலிருந்து வருபவர் இங்கு வந்து சேரும்போது ஏறத்தாழ 1,150 மைல் நடந்திருப்பார். பாதையின் நடுப்புள்ளியைச் சில நாள்களுக்கு முன்புதான் தாண்டியிருப்பார். இதற்கு வடக்கே பென்சில்வேனியாவின் பேர் பெற்ற கற்பாதை காத்திருக்கிறது. கூரிய கற்கள் காலணிகளைக் கிழிக்கும் அந்தப் பகுதிக்கு முன் ஓய்வெடுப்பதற்கு இவ்வூர் ஏற்ற இடமாக உள்ளது.

டாயில் விடுதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. ஆன்ஹைசர்-புஷ் பீர் நிறுவனத்துடன் தொடர்புடைய பழைய விடுதிகளில் ஒன்றாக இது கூறப்படுகிறது. பின்னாளில் இதை வாங்கிய டாயில் என்பவரின் பெயரே நிலைத்தது. கடைவீதியில் நிற்கும் இந்தப் பல மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மதுக்கூடம்; மேலே அறைகள். மின்தூக்கி இல்லை. குளியலறை பொதுவாக இருந்தது. தரை சாய்ந்தும் சுவர்ப்பூச்சு உதிர்ந்தும் இருந்த அறைகளைப் பற்றிப் பயணிகள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வது வழக்கம். 2010களில் ஒருவருக்கான அறையின் வாடகை இரவுக்கு 25 டாலர் அளவிலேயே இருந்தது.

2000களின் தொடக்கம் முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஒரு தம்பதியினர் இதை நடத்தினர். மலையிலிருந்து சேறும் வியர்வையுமாக இறங்கி வருபவரை முகஞ்சுளிக்காமல் வரவேற்றதும், வீட்டிலிருந்து அனுப்பப்படும் பொட்டலங்களை வாங்கி வைத்துக் கொடுத்ததும் விடுதிக்கு நற்பெயர் தந்தன. இங்கு ஒரு குவளை பீர் குடிக்காமல் பாதை முழுமையாகாது என்று நடைபயணிகளிடையே ஒரு பேச்சு உண்டு. தம்பதியினர் ஓய்வு பெற்ற பின் விடுதி கைமாறியது.

பிற விடுதிகள்

வட கரோலினாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரிலும் பாதை கடைவீதியின் நடைமேடை வழியே செல்கிறது. அங்குள்ள சன்னிபேங்க் விடுதி 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரவீடு. ஏர்ல் ஷாஃபர் 1948இல் இங்குத் தங்கினார். வர்ஜீனியாவின் டமாஸ்கஸ் ஊரில் தேவாலயம் ஒன்று நடைபயணிகளுக்கு இல்லம் நடத்துகிறது. 1987இல் தொடங்கிய ‘டிரெயில் டேஸ்’ விழா ஆண்டுதோறும் அங்கு நடக்கிறது. வெர்மான்ட் மாநிலத்தின் கில்லிங்டனில் உள்ள லாங் டிரெயில் விடுதி, 1938இல் பனிச்சறுக்கு வீரர்களுக்காகக் கட்டப்பட்டது. அதன் ஐரிஷ் மதுக்கூடத்தின் உள்ளேயே பெரும்பாறை ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. மெய்னின் மன்சன் ஊரில் ஷா குடும்பத்தினர் 1977இல் தொடங்கிய விடுதி, வயிறு நிறையும் காலை உணவுக்குப் பெயர் பெற்றது. அவ்வூரை விட்டால் 100 மைலுக்குக் கடையோ ஊரோ இல்லாத காட்டுப் பகுதி தொடங்குகிறது.

இவ்வழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1965இல் திறக்கப்பட்ட பென்னைன் வே நடைபாதை, ஈடேல் ஊரின் ஒரு பழைய மதுக்கூடத்தருகே தொடங்கி, ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கிர்க் யெட்டம் ஊரின் பார்டர் விடுதியில் முடிகிறது. வழிகாட்டி நூலாசிரியர் ஆல்ஃபிரட் வெயின்ரைட், நடந்து முடித்தவர்கள் அங்கு பீரைத் தம் கணக்கில் அருந்தலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்.

பழக்கவழக்கங்கள்

ஊரில் தங்கி ஒரு மைலும் நடக்காத நாள் ‘ஜீரோ’ எனப்படும். விடுதியின் மூலையில் ‘ஹைக்கர் பாக்ஸ்’ என்னும் பெட்டி இருக்கும். தனக்கு வேண்டாத அரிசி, ஓட்ஸ், கயிறு, எரிவாயுக் குப்பி ஆகியவற்றை ஒருவர் அதில் போடுவார். தேவைப்பட்டவர் காசின்றி எடுத்துக்கொள்வார். பதிவேட்டில் பயணிகள் தம் சொந்தப் பெயருக்குப் பதிலாக, பாதையில் கிடைத்த பட்டப்பெயரை எழுதுவர். கைபேசி பரவுவதற்கு முன்னர், முன்னால் சென்ற நண்பர் எத்தனை நாள் தொலைவில் இருக்கிறார் என்பதை இந்த ஏடுகளே தெரிவித்தன. ஒருவர் வராமல் போனால் அதை முதலில் உணர்த்தும் சான்றாகவும் இவை பயன்பட்டன.

உள்ளூர்வாசிகளும் பயணிகளும் ஒரே மேசையில் அமர்வது மதுக்கூடத்தின் இன்னொரு பயன். எந்த ஊற்று வற்றியது, எந்தப் பாலம் மூடப்பட்டது, யார் வண்டியில் கொண்டுவிடுவார் என்ற செய்திகள் அங்குக் கைமாறுகின்றன.

நெருக்கடியும் எதிர்காலமும்

இவ்விடுதிகளின் பொருளாதாரம் மெலிந்தது. வடக்கு நோக்கி நடப்பவர்கள் கூட்டமாகவே நகர்வதால், ஓர் ஊரை அவர்கள் கடக்கும் காலம் சில வாரங்களே. எடுத்துக்காட்டாக, 20 அறைகளும் 60 இரவுகள் தொடர்ந்து நிறைந்தாலும், அறைக்கு 25 டாலர் வீதம் வருமானம் 30,000 டாலர்தான். நூறு வயதுக் கட்டடத்தின் கூரை, வெந்நீர்க் கொதிகலன், மின்கம்பிகள், தீத்தடுப்பு அமைப்பு ஆகியவற்றைப் பேண இது போதாது. ஆண்டின் மற்ற மாதங்களில் உள்ளூர் வாடிக்கையாளர்கள் மதுக்கூடத்தில் செலவிடும் பணமே மாடி அறைகளைத் தாங்குகிறது. வாடகையை உயர்த்தினால் நடைபயணி வரமாட்டார். உயர்த்தாவிட்டால் கட்டடம் நிற்காது.

சுகாதாரமும் ஒரு சிக்கல். பலர் நெருங்கித் தங்கும் இடங்களில் நோரோ வைரசு வயிற்றுப்போக்கு எளிதில் பரவுகிறது. 2020 மார்ச்சில் கோவிட் பெருந்தொற்று தொடங்கியபோது, பாதையைப் பேணும் அமைப்பு பயணிகளை வீடு திரும்பும்படி கேட்டுக்கொண்டது. விடுதிகள் அந்தப் பருவத்தின் வருமானத்தை இழந்தன. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் வெள்ளம் ஹாட் ஸ்பிரிங்ஸ், டமாஸ்கஸ் ஆகிய ஊர்களின் கடைவீதிகளைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. ஆற்றங்கரையில் ஊர் அமைந்ததால் பாதை அங்கு இறங்கியது. அதே ஆறு ஊரை அழிக்கவும் வந்தது.

ஒரு விடுதி மூடப்பட்டால் அதன் விளைவு அவ்வூரோடு நிற்பதில்லை. அடுத்த ஊர் வரை கூடுதல் உணவு சுமக்க வேண்டும். நோயுற்றவர் வண்டி பிடித்துத் தொலைவிலுள்ள மோட்டலுக்குப் போக வேண்டும். பணம் உள்ளவருக்கு இது சிறு தொல்லை. சேமிப்பை எண்ணி எண்ணிச் செலவிடும் மாணவருக்கும் ஓய்வூதியருக்கும் இது பயணத்தின் முடிவாகலாம். பாதையில் நடக்கக் கட்டணம் இல்லை என்றாலும், அதில் யார் நடக்க முடியும் என்பதை வழியிலுள்ள மலிவான கட்டில்களும் ஓரளவு தீர்மானிக்கின்றன.