பணம் இருக்கிறது, கையில் இல்லை!

வங்கியில் போட்ட பணம் எங்கே இருக்கும் என்று கேட்டால், "இரும்புப் பெட்டியில்!" என்பீர்கள். ஆனால், அதில் பெரும் பகுதி அங்கே இருக்காது. பிறகு எங்கே போகிறது? ஒரே நாளில் எல்லாரும் திருப்பிக் கேட்டால் என்ன ஆகும்? வாருங்கள், பார்ப்போம்.

ஒரு சின்னக் கணக்கு

உங்கள் தெருவில் 10 பிள்ளைகள், ஆளுக்கு 100 ரூபாயை ஒரு பாட்டியிடம் கொடுத்து வைக்கிறீர்கள். மொத்தம் 1,000 ரூபாய். பாட்டி 200 ரூபாயைச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, 800 ரூபாயை இட்லிக் கடை அக்காவுக்குக் கடன் கொடுக்கிறார். அக்கா பாத்திரம் வாங்கி, வியாபாரம் செய்து, மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வட்டியோடு அடைப்பார். அந்த வட்டியில் உங்களுக்கும் பங்கு உண்டு.

தினமும் ஒருவர், இருவர் வந்து கேட்டால் பாட்டி சமாளித்து விடுவார். 10 பேரும் ஒரே நாளில் வந்து நின்றால்? பாட்டி ஏமாற்றவில்லை, பணம் தொலையவும் இல்லை. ஆனால், அது இட்லிப் பானையாக மாறி, கடை அடுப்பில் இருக்கிறதே! இதைத்தான் 'பணப்புழக்க நெருக்கடி' என்கிறார்கள்.

அக்காவால் கடனை அடைக்கவே முடியாவிட்டால், அது 'வாராக் கடன்'. அப்போது பாட்டிக்கு உண்மையிலேயே நஷ்டம். இரண்டும் வேறு வேறு. ஆனால், வாராக் கடன் பெருகும் செய்தி பரவினால், எல்லாரும் பணம் எடுக்க ஓடி வருவார்கள் அல்லவா?

வங்கிகளின் கதையும் இதுதான். அதனால்தான் ரிசர்வ் வங்கி சில விதிகளை வைத்திருக்கிறது. 2020-ம் ஆண்டின் இறுதியில், ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 3 ரூபாயை வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாக வைக்க வேண்டியிருந்தது. மேலும் 18 ரூபாயை அரசு கடன் பத்திரங்கள் போன்றவற்றில் போட்டு வைக்க வேண்டியிருந்தது.

வங்கிக்கும் மதிப்பெண்!

உங்களுக்குப் பள்ளியில் மதிப்பெண் அட்டை தருவது போல, கடன் வாங்குபவர்களுக்கும் உண்டு. 'தர மதிப்பீடு' என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் ஜான் மூடி என்பவர் 1909-ல் ரயில்வே நிறுவனங்களின் கடன் பத்திரங்களுக்கு இப்படி மதிப்பெண் போட்டார். இந்தியாவின் முதல் தர மதிப்பீட்டு நிறுவனமான கிரிசில் 1987-ல் தொடங்கியது.

மூன்று 'ஏ' வாங்கினால், கடனைத் திருப்பித் தரும் பலம் மிக அதிகம். 'டி' என்றால், சொன்ன தேதியில் பணம் தரத் தவறிவிட்டது என்று பொருள்.

மதிப்பெண் குறைந்தால், கடன் கொடுப்பவர்கள் கூடுதல் வட்டி கேட்பார்கள். பெரும் தொகை போட்டவர்கள் முதலில் எடுக்கப் பார்ப்பார்கள். ரொக்கம் மேலும் குறையும்.

கரூரில் பிறந்த வங்கி

லட்சுமி விலாஸ் வங்கி 1926-ல் கரூரில் தொடங்கப்பட்டது. வளர்ந்து 563 கிளைகளைத் திறந்தது. ஆனால், கொடுத்த கடன்கள் சரியாகத் திரும்பவில்லை. 2020-ம் ஆண்டின் நடுவில், கொடுத்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறத்தாழ 25 ரூபாய் வாராக் கடன்! அது வெளியிட்ட கடன் பத்திரங்களின் தர மதிப்பீடும் இறங்கியது. மக்கள் தொடர்ந்து பணத்தை எடுத்தார்கள்.

2020 நவம்பர் 17 அன்று மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. ஒரு மாதத்துக்கு ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. மருத்துவம், மேற்படிப்பு, திருமணம் போன்ற அவசியங்களுக்கு மட்டும் அனுமதியோடு 5 லட்சம் ரூபாய் வரை எடுக்கலாம். நம் பணத்தை நாமே எடுக்க அனுமதி கேட்க வேண்டும் என்றால், வீட்டில் எவ்வளவு கவலையாக இருந்திருக்கும்!

நல்ல வேளையாகப் பத்தே நாளில் வழி பிறந்தது. நவம்பர் 27 அன்று, சிங்கப்பூரைத் தாயகமாகக் கொண்ட டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவுடன் அது இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களின் பணம் பத்திரமாகக் கிடைத்தது. ஆனால், பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஏறத்தாழ 318 கோடி ரூபாய் கடன் பத்திரங்களும் செல்லாமல் போயின. மதிப்பெண் குறைந்தபோது வந்த எச்சரிக்கை வீண் இல்லை, பார்த்தீர்களா?

நினைவில் வையுங்கள்

* வங்கி மூடும் நிலை வந்தாலும், ஒரு வங்கியில் ஒருவர் போட்ட டெபாசிட்டுக்கு, வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்பு அது 1 லட்சம்தான்.

* "மற்ற இடங்களைவிட அதிக வட்டி!" என்று யாராவது சொன்னால், "ஏன் அதிகம்?" என்று கேட்க வீட்டில் சொல்லுங்கள்.

* வங்கியைப் பற்றி வரும் வதந்தியைச் சரிபார்க்காமல் பரப்பாதீர்கள். எல்லாரும் பயந்து ஒரே நாளில் வரிசையில் நின்றால், நன்றாக நடக்கும் வங்கிகூடத் தடுமாறும். ஏனென்றால், பாட்டியின் சுருக்குப் பையில் இருப்பது 200 ரூபாய்தானே!